நிற்க நேரமில்லாத கம்ப்ரஸர்: ஒரு மரப் பட்டறையின் காற்றுக் கணக்கு

"அண்ணே, பழையதைத் தூக்கிப் போட்டுட்டு பத்து எச்பி போட்டா சரியாப் போயிடும்ல?"

போனை எடுத்ததும் பட்டறைக்காரத் தம்பி கேட்ட முதல் கேள்வி இதுதான். காற்றை அமுக்கித் தருகிற கம்ப்ரஸர் வாங்கப் போகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் எச்பியில், அதாவது மோட்டாரின் குதிரைத்திறனில்தான் ஆரம்பிப்பார்கள். மோட்டார் எவ்வளவு பெரிது என்று அது சொல்லும். காற்று எவ்வளவு வரும், நமக்கு எவ்வளவு வேண்டும் என்ற இரண்டையும் அது சொல்லாது. "இப்ப இருக்கிற மெஷின் ஒரு மணி நேரத்துல எத்தனை நிமிஷம் நிக்குது?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நிக்கிறதே இல்லண்ணே" என்றார்.

நோய் என்ன என்பது அங்கேயே பாதி தெரிந்துவிட்டது. மீதிப் பாதியைத் தேடிப் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அலமாரி, மேசை, கதவு செய்கிற பட்டறை. தம்பியோடு சேர்த்து 6 பேர். காற்றில் ஓடுபவை ஒரு ஸ்ப்ரே கன், பலகை தேய்க்கிற சாண்டர் இரண்டு, மூன்று ஆணி கன், தூசி ஊதச் சில ப்ளோ கன்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மெஷின்: 5 எச்பி, ஒரே அடியில் காற்றை அமுக்குகிற சிங்கிள் ஸ்டேஜ், பெல்ட்டில் ஓடுவது, 160 லிட்டர் டேங்க். புகார்கள் மூன்று. மதியத்துக்கு மேல் காற்றழுத்தம் 4 பாருக்கு விழுந்துவிடுகிறது (பார் என்பது அழுத்தத்தின் அலகு, 1 பார் ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்). பாலிஷ் அடித்த பலகையில் குட்டிக்குட்டிப் பள்ளங்களும் நீர்க்கொப்புளங்களும் வருகின்றன. ஒரே வருடத்தில் இரண்டு தடவை சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியாகிவிட்டது. "மெஷின் நம்பிக்கையில்ல" என்பது தம்பியின் முடிவு. எனக்கு அந்த மெஷின்மேல் கோபம் வரவில்லை, கொஞ்சம் பரிதாபம்தான் வந்தது.

முதல் நாள்: ஒரு கடிகாரம், கொஞ்சம் சோப்புத் தண்ணீர்

மெஷினில் ஒட்டியிருந்த தகட்டில் 20 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 20 கன அடி காற்று என்று இருந்தது. அது பிஸ்டன் டிஸ்பிளேஸ்மென்ட். அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகிற இடத்தின் அளவைச் சுற்றின் எண்ணிக்கையால் பெருக்கிய கணக்கு. உண்மையில் டேங்குக்குள் போய்ச் சேர்கிற காற்றுக்கு எஃப்ஏடி (ஃப்ரீ ஏர் டெலிவரி) என்று பெயர். பிஸ்டன் கம்ப்ரஸரில் இது டிஸ்பிளேஸ்மென்ட்டில் 60 முதல் 75 சதவீதம்தான் இருக்கும். இரண்டு எண்களும் ஒரே சிஎஃப்எம் என்கிற அலகில் அச்சிடப்படுவதால் வாங்குகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். சில விலைப்பட்டியல்களில் எது எதுவென்றே போடுவதில்லை. அது மறதியால் நடப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எஃப்ஏடியை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம், கைக்கடிகாரம் போதும். டேங்கின் வெளிவழி வால்வை மூடிவிட்டு, அழுத்தம் 5 பாரிலிருந்து 7 பாருக்கு ஏற எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்தோம். 66 விநாடி. 160 லிட்டர் டேங்கில் 2 பார் ஏறினால் உள்ளே சுமார் 320 லிட்டர் காற்று போயிருக்கிறது என்று பொருள். 66 விநாடிக்கு 320 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 290. ஒரு சிஎஃப்எம் 28.3 லிட்டர் என்பதால், வகுத்தால் 10-க்குச் சற்று மேல் வருகிறது. தகட்டில் 20, டேங்கில் 10. புது மெஷினாக இருந்தபோதே 14 கொடுத்திருந்தால் அதிகம். பெல்ட் நழுவுவது, வால்வுகள் உட்காரும் தகடான வால்வ் பிளேட்டில் கரி பிடித்தது எல்லாம் சேர்ந்து மீதியைத் தின்றுவிட்டன.

சாயங்காலம் எல்லாரும் கிளம்பிய பிறகு அடுத்த சோதனை. மெஷினை நிறுத்தினோம், கருவிகள் எல்லாம் ஓய்வில், டேங்க் வால்வு மட்டும் லைனுக்குத் திறந்திருந்தது. 7 பார் 6 ஆக 2 நிமிடம் எடுத்தது. அப்படியென்றால் நிமிடத்துக்கு 80 லிட்டர், ஏறத்தாழ 3 சிஎஃப்எம், யாருக்கும் பயனில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மெஷின் கொடுப்பதே 10. அதில் கால் பங்குக்கு மேல் ஒழுக்கு.

பகலில் ரம்பச் சத்தத்தில் கேட்காத "உஸ்ஸ்ஸ்" அந்த அமைதியில் நாலு திசையிலிருந்தும் கேட்டது. சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே போனோம். குழாய் மாட்டுகிற கப்ளர் மூன்று, ஒரு ஹோஸ் கிளிப், ரெகுலேட்டர் கிண்ணத்தின் வாய், துருவால் முழுதாக மூடாத டிரைன் வால்வு. ஒரு கப்ளரில் நுரை பந்து போல ஊதிக்கொண்டு வந்ததைப் பார்த்து, "இதுக்கா மாசாமாசம் கரண்ட் பில் கட்டுறேன்?" என்று தம்பி தலையில் கைவைத்துக்கொண்டார்.

அதைவிட எனக்குத் திக்கென்றது வேறு ஒன்று. லைனில் சுமார் 6 மீட்டர் நீளத்துக்குத் தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற பிவிசி பைப். பிவிசி அழுத்தக் காற்றுக்கு ஆகாது. வயதாகி உடைந்தால் விரிசலோடு நிற்காமல் கத்தி போன்ற துண்டுகளாகச் சிதறும். மற்றது எல்லாம் அப்புறம், இதை நாளைக்கே மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

யார் எவ்வளவு தின்கிறார்கள்

கருவிகள் ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கிற சிஎஃப்எம்மை எடுத்து அப்படியே கூட்டினால் 50-ஐத் தொடுகிறது. அந்தக் கணக்கில் போனால், பிஸ்டனுக்குப் பதில் சுழலும் திருகுகளால் காற்றை அமுக்குகிற ஸ்க்ரூ கம்ப்ரஸர் தவிர வேறு வழியில்லை. விற்க வந்தவர் போட்ட கணக்கும் இதுதான். ஆனால் யாரும் நாள் முழுக்க டிரிக்கரை அமுக்கிக்கொண்டே இருப்பதில்லை. அதனால் வேலை உச்சத்தில் இருந்த ஒரு மணி நேரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எந்தக் கருவி எத்தனை நிமிடம் உண்மையில் காற்று இழுக்கிறது என்று ஒரு பழைய டைரியில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன்.

ஸ்ப்ரே கன் 12 சிஎஃப்எம் கேட்பது, பாதி நேரம் ஓடியது. அதற்கு 6. சாண்டர் ஒவ்வொன்றும் 12, பத்து நிமிடத்துக்கு நாலு நிமிடம் ஓடின. இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 10. ஆணி கன்களுக்கு எல்லாம் சேர்த்தே 1 போதும், அவை சத்தம் போடுகிற அளவுக்குச் சாப்பிடுவதில்லை. ப்ளோ கன்னுக்கு 1. ஒழுக்கு 3. மொத்தம் 21. பத்து கொடுக்கிற மெஷினிடம் இருபத்தொன்று கேட்டால் அது எப்போது நிற்கும்?

பிஸ்டன் கம்ப்ரஸருக்கு மூச்சு வாங்க நேரம் வேண்டும். மணிக்கு 60 முதல் 70 சதவீதம் ஓடி, மீதி நேரம் நின்று ஆறுவது என்றுதான் அதை வடிவமைக்கிறார்கள். நிற்காமல் ஓடினால் ஹெட் சூடாகிறது, அந்தச் சூட்டில் எண்ணெய் கரியாகி வால்வ் பிளேட்டில் ஒட்டுகிறது, வால்வு சரியாக மூடாமல் காற்று குறைகிறது. காற்று குறைந்ததால் இன்னும் அதிக நேரம் ஓடுகிறது. இந்தச் சுழலில் சிக்கிய எந்த மெஷினும், எந்தக் கம்பெனி பெயர் போட்டிருந்தாலும், இரண்டு வருடத்தில் "நம்பிக்கையில்லாத மெஷின்" ஆகிவிடும்.

ஆகவே வாங்குவதற்கு முன்னால் தேவையைக் குறைக்கப் பார்த்தோம். முதலில் சாண்டர். கம்ப்ரஸருக்குள் போகிற மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலாகத்தான் காற்றுக் கருவியின் முனையில் வேலையாக வெளிவருகிறது. மீதி எல்லாம் வெப்பம். பலகை தேய்ப்பது போல நீண்ட நேரம் ஓடுகிற வேலையைக் காற்றில் செய்வது மிகவும் செலவு பிடிக்கிற வழி. இரண்டையும் மின்சார சாண்டராக மாற்றச் சொன்னேன். மூத்த ஆசாரி ஒப்புக்கொள்ளவில்லை. "காத்து மெஷின் கைக்கு இலேசா இருக்கும், சூடாகாது. கடைசித் தேய்ப்புக்கு அதுதான் சார் வேணும்" என்றார். அவர் சொன்னது நியாயம், கை வலிப்பது அவருக்குத்தானே. அதனால் ஒன்று மின்சாரத்துக்கு மாறியது, ஒன்று காற்றிலேயே இருந்தது.

ஒழுக்கை அடைத்து, ஒரு சாண்டரைக் குறைத்த பிறகு வந்த கணக்கு: 6, 5, 1, 1, இன்னும் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும் என்று ஒன்று. ஆக 14. மெஷின் 65 சதவீத நேரம் மட்டும் ஓட வேண்டுமானால் 14-ஐ 0.65-ஆல் வகுக்க வேண்டும், 21.5 வருகிறது. இன்னொரு பக்கம், ஸ்ப்ரே கன்னும் சாண்டரும் ஒரே சமயத்தில் பத்து நிமிடம் தொடர்ந்து ஓடினால் 24 வேண்டும். இரண்டில் பெரியது 24. அதற்குக் கொஞ்சம் மேலே எஃப்ஏடி இருக்கிற மெஷின் தேவை, அவ்வளவுதான்.

அழுத்தத்தையும் பார்த்தோம். ஆணி கன்னுக்கும் சாண்டருக்கும் 6 பாருக்குப் பக்கம், ஸ்ப்ரே கன்னின் வாயில் 2 பார் போதும். "பத்து பார் மெஷின் வாங்கி வச்சுக்கிட்டா நல்லதுதானே?" என்றார் தம்பி. அழுத்தத்தை 1 பார் ஏற்றினால் மின்செலவு 6, 7 சதவீதம் ஏறும். 8 பாருக்கு மேல் கேட்கிற கருவி அந்தப் பட்டறையில் ஒன்றுகூட இல்லை.

வந்த யோசனைகள்

முதல் யோசனை, 10 எச்பி ஸ்க்ரூ. நல்ல மெஷின், சத்தம் குறைவு, நாள் முழுக்க நிற்காமல் ஓடும். ஆனால் அது ஓடிக்கொண்டே இருந்தால்தான் அதற்கும் நல்லது. 38 சிஎஃப்எம் தரக்கூடிய மெஷினிடம் 14 மட்டும் கேட்டால் மீதி நேரம் சுமையில்லாமல் சும்மா சுற்றும். சும்மா சுற்றும்போதும் முழுச் சுமையில் எடுக்கிற மின்சாரத்தில் கால் பங்குக்கு மேல் இழுக்கும். எண்ணெயும் போதிய அளவு சூடாகாமல், காற்றிலிருக்கிற ஈரம் அதிலேயே தங்கி எண்ணெயைக் கெடுக்கும். இரண்டு ஷிஃப்ட் ஓட்டுகிற நிலைமை வந்தால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். இன்றைக்கு வேண்டாம்.

இரண்டாவது யோசனை தம்பியின் மைத்துனருடையது. 3 எச்பி சின்ன மெஷின் மூன்று. ஒன்று கெட்டால் இன்னொன்று ஓடும் என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது. சிக்கல் என்னவென்றால், மோட்டாரோடு நேராக இணைத்து நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் சுற்றுகிற அந்த வகை ஒவ்வொன்றும் 7, 8 சிஎஃப்எம்தான் தரும். ஒரு சாண்டருக்கே ஒன்று போதாது. சத்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மூன்றாவது, யாரோ விற்கிறார்கள் என்று ஒரு பழைய மெஷின். நேரில் போய்ப் பார்த்தோம். மேலே புதுப் பெயின்ட் பளபளத்தது. டேங்கின் அடி வால்வைத் திறந்தால் செம்பழுப்புத் தண்ணீரோடு துருச் செதில்கள் விழுந்தன. அடிப்பக்கத்தில் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு வெல்டிங் ஒட்டு வேறு. எப்போதாவது தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்த தாள் இருக்கிறதா என்று கேட்டால் பதிலில்லை. மோட்டார் போனால் வேலை நிற்கும். டேங்க் போனால் ஆள் போவான். அங்கிருந்து நடையைக் கட்டினோம்.

கடைசியில் எடுத்தது 7.5 எச்பி, டூ ஸ்டேஜ், பெல்ட்டில் மெதுவாகச் சுற்றுகிற பிஸ்டன் மெஷின். ஒரே அடியில் 8 பாருக்கு அமுக்கினால் ஹெட்டை விட்டு வரும் காற்று 200 டிகிரியை நெருங்கும். டூ ஸ்டேஜில் முதல் சிலிண்டர் பாதி வழி அமுக்கி, நடுவில் இருக்கிற செதில் குழாயில் காற்று ஆறி, பிறகு இரண்டாவது சிலிண்டருக்குப் போகிறது. சூடு குறைவு, கரி குறைவு, அதே மோட்டாருக்குக் காற்றும் கூடுதல். விற்பவரிடம் கேட்ட முதல் தாள், ஐஎஸ்ஓ 1217 என்ற சர்வதேசத் தர முறைப்படி அளந்த எஃப்ஏடி எவ்வளவு என்பது. 27 என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாவதாக, வால்வ் பிளேட், கேஸ்கெட், ரிங் செட் மூன்றையும் இப்போதே எடுத்துக் காட்டச் சொன்னோம். முதலில் பேசிய கடையில் "ஆர்டர் போட்டா வந்துடும்" என்றார்கள். எத்தனை நாளில் என்று கேட்டதற்கு மேலே பார்த்தார்கள். வாங்கிய இடத்தில் அலமாரியைத் திறந்து மேசையில் வைத்தார்கள்.

டேங்க் விஷயத்தில் ஒரு தகராறு நடந்தது. மெஷினோடு வருவது 250 லிட்டர். "டேங்க் பெருசா இருந்தா காத்து அதிகமா வருமா?" என்றால், வராது. டேங்க் காற்றை உண்டாக்காது, சேமித்துத்தான் வைக்கும். ஆனாலும் நான் பெரிய டேங்க்தான் கேட்டேன், காரணம் வேறு. 14 செலவு, 27 வரவு, 6 பாரில் ஓட ஆரம்பித்து 8 பாரில் நிற்கிற செட்டிங் என்று வைத்தால் 250 லிட்டர் டேங்கில் மோட்டார் மணிக்கு 23 தடவை ஸ்டார்ட் ஆகும். இந்த அளவு மோட்டாருக்கு மணிக்குப் பத்துக்குள் இருப்பதுதான் நல்லது. ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் சாதாரண ஓட்டத்தைப் போல ஆறேழு மடங்கு கரண்ட் இழுக்கும், மோட்டாருக்குக் கரண்ட்டைச் சேர்த்துத் துண்டிக்கிற கான்டாக்டரின் முனைகள் கருகும். 500 லிட்டராக மாற்றியதும் 11 ஆனது. பழைய மெஷினின் 160 லிட்டர் டேங்கையும் அதே லைனில் சேர்த்ததும் 9.

பழைய மெஷினை விற்கவும் விடவில்லை. வால்வ் பிளேட்டும் பெல்ட்டும் மாற்றி அளந்தபோது அதே 5-லிருந்து 7 பாருக்கு 49 விநாடிதான் ஆனது, கிட்டத்தட்ட 14 சிஎஃப்எம். புதியது ஒருநாள் படுத்தால் ஸ்ப்ரே வேலையாவது நிற்காது.

தண்ணீர்

கொப்புளத்துக்கும் பள்ளத்துக்கும் காரணம் வேறு வேறு. மீன்கண் மாதிரி வட்டமாக விலகி நிற்கிற பள்ளம் பெரும்பாலும் எண்ணெயால் வருவது, கொப்புளம் தண்ணீரால். லாக்கர் பாலிஷ் வெள்ளையாகப் பூத்துப்போவதற்கு அறையிலிருக்கிற ஈரமே போதும், அதற்கும் கம்ப்ரஸரைத் திட்டக்கூடாது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? 30 டிகிரி வெப்பத்தில் 70 சதவீத ஈரம் இருந்தால் ஒரு கன மீட்டர் காற்றில் 21 கிராம் நீராவி இருக்கும். அதை 7 பாருக்கு அமுக்கி மறுபடி 30 டிகிரிக்கு ஆறவிட்டால் 17 கிராம் தண்ணீராகக் கொட்டிவிடும். 14 சிஎஃப்எம் வீதம் 8 மணி நேரத்துக்கு 190 கன மீட்டர். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 3 லிட்டருக்கு மேல். தம்பி நம்பவில்லை. பழைய டேங்கின் டிரைனை வாளியில் திறந்துவிட்டோம். துருவும் எண்ணெயும் கலந்து, பால் ஊற்றிய டீ நிறத்தில் அரை வாளி வந்தது. எத்தனை வாரமாகத் திறக்கவில்லை என்று யாருக்கும் ஞாபகமில்லை. 160 லிட்டர் டேங்கில் அரை வாளி இடத்தைத் தண்ணீர் பிடித்திருந்தது போக, மீதி லைனில் ஏறிப் பலகையில் உட்கார்ந்திருக்கிறது.

டேங்குக்குப் பின்னால், காற்றைக் குளிரவைத்து ஈரத்தைப் பிரிக்கிற ரெஃப்ரிஜரேட்டட் டிரையர் ஒன்று, ஸ்ப்ரே லைனில் மட்டும் எண்ணெய் பிடிக்கிற ஃபில்டர். புது இரும்பு பைப்பை நூறு அடிக்கு ஓர் அடி சரிவாகப் போட்டு, கிளைகளை எல்லாம் பைப்பின் மேல்பக்கத்திலிருந்து எடுத்து வளைத்து இறக்கினோம், அடியில் ஓடுகிற தண்ணீர் கருவிக்குள் இறங்காதபடி.

சக்கரம் எந்தப் பக்கம்

பொருத்திய நாளில் டேங்க் வால்வை மூடி அளந்தோம். 500 லிட்டர், 5-லிருந்து 7 பார், 78 விநாடி. சொன்ன 27 சரியாக இருந்தது. மார்க்கரால் டேங்கிலேயே 78 என்று எழுதினேன். உச்ச நேரத்தில் மணிக்கு 31 நிமிடம் ஓடியது, 29 நிமிடம் நின்றது. சுவரில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டு வாரம் ஒருநாள் அந்த நிமிடத்தைக் குறிக்கச் சொன்னேன். கடைக்குட்டிப் பையனுக்கு அந்த வேலை.

இரண்டு மாதம் கழித்து அவனே போன் செய்தான். "சார், 31, 30, 31ன்னு வந்துட்டிருந்தது, போன வாரம் 36, இந்த வாரம் 38. பாலிஷ்ல மறுபடி பள்ளம் வருது."

புது மெஷின், புது ஃபில்டர், ஒழுக்கும் இல்லை. ஹெட் மட்டும் கைவைக்க முடியாமல் கொதித்தது, வெளிவரும் செம்புக் குழாய் நீலம் பாய்ந்திருந்தது. அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தைப் பெல்ட் கவசத்தின் வலைமேல் வைத்துப் பார்த்தேன். வலையில் ஒட்டிக்கொள்ள வேண்டிய காகிதம் என் முகத்தில் வந்து அடித்தது. சக்கரம் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பெல்ட் மெஷினில் அந்தப் பெரிய சக்கரத்தின் ஆரங்களே மின்விசிறி. கவசத்தில் போட்டிருக்கிற அம்புக்குறியின் திசையில் சுற்றினால்தான் காற்று ஹெட்டின்மேல் படும். பிஸ்டனுக்குத் திசை கிடையாது, எந்தப் பக்கம் சுற்றினாலும் காற்றை அமுக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் மெயின் போர்டை இடம் மாற்றியிருக்கிறார்கள், அப்போது த்ரீ பேஸ் வயர்களின் வரிசை மாறிவிட்டது. மறுநாள் ரம்பம் தலைகீழாகச் சுற்றவே, ரம்பத்தின் இரண்டு வயரை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார்கள். அதே போர்டில் கம்ப்ரஸரும் இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இதில் என் தப்பும் உண்டு. அந்த வரிசை மாறினால் மோட்டாரை ஓடவிடாத ஒரு ரிலே இருக்கிறது, உள்ளங்கை அளவுதான். பேனலில் அதைப் போடச் சொல்ல எனக்கு மறந்துவிட்டது.

இரண்டு வயரை மாற்றினோம், ரிலேயும் போட்டோம். கறுத்துப்போன எண்ணெயை இறக்கிவிட்டு, கம்ப்ரஸருக்கு உரிய விஜி 100 எண்ணெய் ஊற்றினோம். என்ஜின் ஆயிலில் இருக்கிற சேர்மானங்கள் வால்வில் கரியாகும் என்பதால் அதை அங்கே வாங்கியே வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். வால்வ் பிளேட்டைக் கழற்றிப் பார்த்தோம், லேசான கரிதான். துடைத்துப் போட்டோம். அடுத்த வாரம் நோட்டில் 32.

ஆறு மாதம் கழித்துப் போனபோது டேங்கில் 78-க்குக் கீழே வேறு கையெழுத்தில் 79, 79, 81 என்று வரிசையாக எழுதியிருந்தது. வால்வ் பிளேட்டைக் கழற்றிப் பார்க்க இன்னும் அவசரமில்லை. 90-ஐத் தொட்டால் கூப்பிடு என்று பையனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.